சிவப்பு நூல் கட்டிய பென்டிரைவில் என்னதான் இருக்கு?



போன வாரம் ஆலயப் புலனக் குழுவில் ஒரு தங்கச்சி கேட்டாங்க. "அண்ணன், ஆபீஸ் சாவிக்கொத்துல சிவப்பு நூல் கட்டி ஒரு பென்டிரைவ் தொங்குதே, அதை யாரும் தொடக்கூடாதுன்னு சொல்றீங்களே, உள்ள அப்படி என்னதான் இருக்கு?" புலனத்தில் பதில் எழுத ஆரம்பிச்சோம், நீண்டு போச்சு. அதனால் இங்கே முகநூலில் போடுறோம். பொறுமை உள்ளவங்க படிங்க.

முதலில் ஒண்ணு சொல்லிடுறோம். நாங்கள் மூணு பேர். மூணு பேருமே பாசீர் கூடாங் தொழிற்சாலை ஆட்கள், எஸ்.பி.எம். தாண்டாதவங்க. கணினி படிச்சவங்க கிடையாது. ஆலயத்தில் பந்தல் போடுறது, அன்னதானத்துக்குக் காய் வெட்டுறது, மைக் செட் பார்க்கிறது, இதுதான் எங்கள் தொண்டு. கணினி வேலை எங்கள் தலையில் விழுந்தது 2018-இல்.

அந்த வருஷம் ஒரு சாயங்காலம் இடி இடிச்சு ஆபீஸ் கணினி எழுந்திருக்கவில்லை. நம்ம ஜோகூர் இடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போனோம். கடை பெயர் வேண்டாம். ரெண்டு நாளில் பளபளன்னு திருப்பிக் கொடுத்தாங்க. திறந்து பார்த்தால் காலி. "பார்மெட் பண்ணிட்டோம், இப்போ வேகமா ஓடும்" என்றார் அந்தப் பையன். பன்னிரண்டு வருஷ உபயக்காரர் பட்டியல், திருவிழாப் படங்கள், எல்லாமே போச்சு. அவரைக் குறை சொல்லவும் முடியாது. உள்ளே இருக்கிறதைக் காப்பாத்துங்கன்னு நாங்களும் வாய் திறந்து சொல்லவில்லை. கணினியைச் சரி பண்ணுவது ஒரு வேலை, உள்ளே இருப்பதை மீட்பது வேற வேலை. இது எங்களுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

தொழிற்சாலையில் லைன் நின்னு போனால் மெயின்டனன்ஸ் ஆட்கள் ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கிட்டு ஓடி வருவாங்க. அந்த வண்டியில் என்ன இருக்கணும்னு யாரும் புத்தகம் பார்த்து அடுக்கவில்லை. ஒரு தடவை பெல்ட் அறுந்து மாற்று பெல்ட் இல்லாமல் நாலு மணி நேரம் நின்னோம், மறுநாள் பெல்ட் வண்டியில் ஏறிச்சு. எங்கள் பென்டிரைவும் அப்படித்தான் வளர்ந்தது. அடி வாங்க வாங்க ஒவ்வொரு சாமானாக உள்ளே போச்சு.

ஆரம்பத்தில் அது ஒரு பென்டிரைவ் இல்லை, நாலு. ஒன்றில் விண்டோஸ் போடும் கோப்பு, ஒன்றில் லினக்ஸ், ஒன்றில் மெமரி சோதிக்கும் மெம்டெஸ்ட், ஒன்றில் குளோன்சில்லா. மாஸ்கிங் டேப் ஒட்டி பேனாவால் எழுதி வச்சிருந்தோம். ஒரு பென்டிரைவில் ஒரு ஐஎஸ்ஓ கோப்பைத்தான் எழுத முடியும், புதுசு போட்டால் பழசு அழிஞ்சிடும், அப்போ வழக்கம் அதுதான். டேப் உரிஞ்சு போய் எது எதுன்னு தெரியாமல் ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்த நாட்கள் உண்டு.

ஸ்கூடாயில் படிச்சுக்கிட்டிருந்த ஒரு தம்பி, தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் எங்களோட நின்னவர், அவர்தான் வென்டாய் என்று ஒரு மென்பொருளைக் காட்டினார். 2020-இல் வந்தது, காசு கிடையாது. அதை ஒரே ஒரு தடவை பென்டிரைவில் ஏத்தணும். அது பென்டிரைவை ரெண்டாகப் பிரிச்சுக்கும்: தன் வேலைக்கு 32 எம்பி சின்ன இடம், மீதி பெரிய இடம் நமக்கு. அந்தப் பெரிய இடத்தில் ஐஎஸ்ஓ கோப்புகளைப் பாட்டு காப்பி பண்ணுற மாதிரி போட்டுக்கிட்டே போகலாம். கணினியை அதில் தொடங்கினால் உள்ளே இருக்கிற எல்லாமே பட்டியலாக வரும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் சரி. புதுக் கருவி சேர்க்கணுமா, கோப்பைப் போடு. வேண்டாமா, அழி. வேற எதுவும் கெடாது. அந்த இடம் எக்ஸ்ஃபேட் முறையில் இருப்பதால் 4 ஜிபிக்கு மேல் பெரிய கோப்பும் ஏறும். பழைய ஃபேட்32-இல் ஏறாது. நாலு பென்டிரைவ் ஒண்ணாச்சு. சிவப்பு நூல் அன்னைக்குக் கட்டினதுதான், போன நவராத்திரிப் பூசைக் கயிறு மிச்சம்.

இனி விஷயத்துக்கு வரோம். 2025 ஜூன்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் சரியாகப் பதினைந்து நாள் இருக்கு. ஆபீஸ் கணினியைத் தட்டினால் கறுப்புத் திரை, பூட் பண்ண எதுவுமில்லைன்னு ஒரு வரி. காதை வச்சுக் கேட்டால் உள்ளே ஹார்ட்டிஸ்க் 'டிக்... டிக்...' என்கிறது. உள்ளே இருந்தது கும்பாபிஷேகத் திருப்பணிக் கணக்கு.

எங்கள் பொருளாளர் ஐயாவுக்கு எழுபது தாண்டிடுச்சு. பத்தொன்பது வருஷமாகக் கணக்கு பார்க்கிறார். ஒரு கோப்பிக்குக் கூட ஆலயக் காசைத் தொட்டதில்லை. ஆனால் திருப்பணி என்றால் பேச்சு வரத்தானே செய்யும். சலவைக்கல்லுக்கு அவ்வளவு ஆச்சா, சிற்பிக்கு இவ்வளவு கொடுத்தாங்களான்னு ஆறு மாதமாக ரொட்டி சானாய்க் கடையில் ஒரு முணுமுணுப்பு. அந்த நேரத்தில் கணக்கு இருந்த கணினி செத்துப் போச்சுன்னு கூட்டத்தில் எழுந்து சொன்னால் என்ன ஆகும்? டிஸ்க் செத்துச்சுன்னு யாரும் சொல்லமாட்டாங்க. கொன்னுட்டாங்கன்னுதான் சொல்லுவாங்க. அதோட, சங்கங்கள் சட்டம் 1966-இன்படி பொதுக்கூட்டம் முடிஞ்ச 60 நாளுக்குள் ஆண்டறிக்கையையும் கணக்கையும் ஆர்.ஓ.எஸ்-க்கு அனுப்பணும். ஐயா அன்னைக்கு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "நான் பிரதி எடுத்து வச்சிருக்கணும்பா" என்று மட்டும் சொன்னார். பிரதி எடுக்கச் சொல்லிக் கொடுக்காதது நாங்கள்தான். அதை அவர் சொல்லவில்லை.

இளைஞர் பகுதித் தம்பி ஒருத்தர் விண்டோஸ் கோப்பைப் போட்டு ரிப்பேர் அழுத்தலாம்னு கையை நீட்டினார். தடுத்தோம். சாகக் கிடக்கிற டிஸ்க்கில் ரிப்பேர் ஓட்டினால் அது எழுத ஆரம்பிக்கும், இருக்கிற கொஞ்ச உயிரும் போயிடும். முதலில் என்ன இருக்கோ அதை வெளியே எடுக்கணும், பிறகுதான் வைத்தியம்.

பென்டிரைவில் சிஸ்டம்ரெஸ்க்யூ என்று ஒன்று இருக்கு. முழுக்க முழுக்க மீட்பு வேலைக்கென்றே கட்டின லினக்ஸ். அதில் தொடங்கி டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கையைப் பார்த்தோம். டிஸ்க் தன் நோயைத் தானே எழுதி வச்சுக்கும், அதைப் படிக்கிற கருவி உள்ளேயே இருக்கு. படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள் ஆயிரத்துக்கு மேல். சந்தேகமே இல்லை, டிஸ்க்தான்.

உடனே போய் 1 டிபி வெளி டிஸ்க் ஒன்று வாங்கி வந்தோம். பழசு 500 ஜிபி. வாங்குறது அதைவிடப் பெரிசாக இருக்கணும். சனிக்கிழமை ராத்திரிப் பூசை முடிஞ்சு நடை சாத்தின பிறகு டிடிரெஸ்க்யூ என்ற கருவியை ஓட்டினோம். நாங்கள் சின்ன வயசில் எஸ்டேட்டில் பார்த்த வேலை மாதிரிதான் இது. பால் நல்லா வர்ற மரத்தை முதலில் வெட்டிட்டு, பட்டை காய்ஞ்ச மரத்துக்குக் கடைசியில் திரும்பி வருவாங்க இல்லையா? இதுவும் நல்ல இடத்தையெல்லாம் முதலில் வேகமாக எடுத்துடும். கெட்ட இடத்தைக் குறிச்சு வச்சுட்டுத் தாண்டிப் போகும். கடைசியில் திரும்பி வந்து மெதுவாகச் சுரண்டும். எது எடுத்தாச்சு, எது மிச்சம் என்று ஒரு வரைபடக் கோப்பு எழுதிக்கிட்டே இருக்கும். நடுவில் நின்னாலும் அந்தக் கோப்பு இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஒரு பயம் என்னன்னா, எது பழைய டிஸ்க், எது புது டிஸ்க் என்று மாத்திக் கொடுத்தால் தீர்ந்தது. காலி டிஸ்க்கை எடுத்துக் கணக்கு மேலேயே எழுதிடும். அதனால் தொழிற்சாலை முறைதான். ஒருத்தர் பெயரையும் அளவையும் சத்தமாகப் படிக்கணும், இன்னொருத்தர் அந்த டிஸ்க்கைக் கையால் தொட்டுக் காட்டணும், மூணாவது ஆள் சரி என்றால்தான் எண்டர். தம்பிகள் சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

ராத்திரி ரெண்டு மணி இருக்கும். பாதிக்கு மேல் ஓடிடுச்சு. திடீர்னு ஒரு இடி, பிரேக்கர் விழுந்தது, ஆலயம் முழுக்க இருட்டு. மூலஸ்தானத்து விளக்கு மட்டும் எரிஞ்சது. பரவாயில்லை, வரைபடக் கோப்பு இருக்கேன்னு திரும்பத் தொடங்கினால் கோப்பைக் காணோம்.

தப்பு எங்களுடையது. பென்டிரைவிலிருந்து ஓடுகிற லினக்ஸில், சும்மா சேமிச்சால் அது மெமரியில்தான் போய் உட்காரும். மின்சாரம் போனால் அதுவும் போச்சு. வெளி டிஸ்க்கில் சேமிக்கணும்னு எங்களுக்குத் தோணவே இல்லை. நாலு மணி நேர வேலை வீண், அதைவிட மோசம், சாகக் கிடக்கிற டிஸ்க்கை முதலிலிருந்து மறுபடி ஓட விடணும். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு ஒருத்தர் வீட்டிலிருந்து யு.பி.எஸ். கொண்டு வந்தார். வரைபடக் கோப்பை இந்தத் தடவை வெளி டிஸ்க்கில் வச்சு, ஆரம்பத்திலிருந்து ஓட்டினோம். மறுநாள் சாயங்காலப் பூசை மணி அடிக்கும்போது முடிஞ்சது. கிட்டத்தட்ட எல்லாமே வந்திருந்தது. வராதது கொஞ்சம்தான், ஆனால் அது இருந்த இடம் மோசம். கோப்புகளின் பெயரும் முகவரியும் எழுதி வைக்கிற பட்டியல் அங்கேதான். வீடுகள் நிக்குது, லோரோங் பெயர்ப்பலகை எல்லாம் பிடுங்கிப் போன தாமான் மாதிரி.

இதுக்குத்தான் போட்டோரெக். பேரைப் பார்த்து எழுதியவங்க ஏமாறக்கூடாது, படங்களை மட்டுமில்லை, கடிதம், கணக்குத்தாள், எல்லாத்தையும் தேடும். கிறிஸ்டோஃப் கிரெனியே என்ற பிரான்ஸ்காரர் செய்தது. பட்டியலைக் கண்டுகொள்ளாமல், ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதி அடையாளத்தைப் பார்த்துப் பிடிச்சு எடுக்கும். பழைய டிஸ்க்கைத் தொடாமல், எடுத்து வச்ச பிரதியிலேயே ஓட்டினோம். பதினோராயிரம் கோப்புக்கு மேல் வந்தது. ஒன்றுக்கும் பெயர் கிடையாது. எஃப் போட்டு ஒரு எண், அவ்வளவுதான். ஐநூறு ஐநூறாகக் கட்டி வச்ச மூட்டைகள்.

மூணு ராத்திரி, ஏழெட்டுத் தம்பி தங்கச்சிங்க, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாங்க. மேகி கோரேங் யார் வாங்கிக் கொடுத்தாங்கன்னு கணக்கு கேட்காதீங்க.

ரெண்டாவது ராத்திரி ஒரு தம்பி கூப்பிட்டார். "அண்ணன், இதெல்லாம் கெட்டுப் போன கோப்பு, அழிச்சிடவா?" எட்டிப் பார்த்தோம். திரை முழுக்கக் கொம்பு முளைச்ச ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும். நாங்கள் கத்தின கத்தில் அவர் கையை எடுத்துட்டார். அது கெட்ட கோப்பு இல்லைங்க. தமிழ்!

இளையவங்களுக்குத் தெரியாது. யூனிகோட் பரவலாவதற்கு முன்னாடி, தமிழை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் ஒளிச்சு வச்சுத்தான் அடிச்சாங்க. அதுக்குரிய எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் இந்தக் கொம்பு எழுத்து. நம்ம நாட்டில் பெரும்பாலும் முரசு அஞ்சல்தான். முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கினது, மலேசியத் தமிழர் செய்தது, பெருமையாகச் சொல்லலாம். மறைந்த எங்கள் பழைய செயலாளர் தொண்ணூறுகளில் அதில்தான் அடிப்பார். பழைய எழுத்துருக்களைத் தேடிப் போட்டதும் திரையில் தமிழ் வந்தது. முதல் வரியே உறுப்பினர் பட்டியல்.

எஸ்டேட்டில் ஆலயம் இருந்த காலத்துப் பட்டியல் அது. யார் யார் மாதம் எத்தனை வெள்ளி சம்பளத்தில் பிடிச்சுக் கொடுத்தாங்க என்று லயத்து எண்ணோடு வரிசையாக அடிச்சு வச்சிருக்கார். 2018-இல் அழிஞ்சுதுன்னு நினைச்ச பட்டியலில் ஒரு பகுதி. அவர் பழைய டிஸ்கெட்டிலிருந்து ஏதோ ஒரு நாள் திரும்ப ஏத்தி வச்சிருக்கார் போல, யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தம்பி படிச்சுக்கிட்டே வந்தவர் ஒரு பெயரில் நின்னுட்டார். அவர் பாட்டி. மாதம் ரெண்டு வெள்ளி. அவருக்கு அப்போதான் தெரியும், பாட்டி இந்த ஆலயத்துக்குக் கொடுத்தவங்க என்று.

அன்னைக்கே பழைய எழுத்துருக்களும், அவற்றை யூனிகோடுக்கு மாத்துகிற என்.எச்.எம். கன்வெர்ட்டரும் பென்டிரைவில் ஏறிச்சு. மீட்புக் கருவி என்று எந்தப் பட்டியலிலும் இதைப் போடமாட்டாங்க. எங்களைக் கேட்டால், தமிழ் ஆலயம், தமிழ்ப்பள்ளி, சங்கம் எதுவாக இருந்தாலும் இது இல்லாத பென்டிரைவ் அரைகுறைதான்.

கணக்கு? கிடைச்சது. ஆனால் கடைசி எட்டு வாரம் கிடைக்கவில்லை, அந்தத் தாள் திறக்கவே இல்லை. ரசீதுப் புத்தகங்களின் கார்பன் பிரதியை வச்சு ஐயா கையால் எழுதி முடிச்சார். பொதுக்கூட்டத்தில் அதை மறைக்காமல் சொன்னார்: இதுவரை கணினியில் இருந்து, இதற்குப் பிறகு ரசீதிலிருந்து, ரெண்டும் மேசையில் இருக்கு, யார் வேணும்னாலும் பார்க்கலாம். ரெண்டு பேர் எழுந்து வந்து ஒரு மணி நேரம் புரட்டினாங்க. 35 ரிங்கிட் இடிச்சது. மாலை வாங்கின ரசீது ரெண்டு தடவை பதிவாயிருக்கு. திருத்தி, கணக்கு ஏற்கப்பட்டது. கடையில் முணுமுணுப்பு முழுசா நிக்கலை, அது எப்போ நின்னுச்சு? ஐயா மட்டும் மறு வாரம் ஒரு தடிமனான நீலப் பேரேடு வாங்கி வந்து, கணினியிலும் போடுறேன், இதிலும் எழுதுறேன்னார். இப்போ ரெண்டும் நடக்குது.

எல்லாம் வெற்றிக் கதைன்னு நினைச்சுடாதீங்க. 2023 மார்ச் வெள்ளத்தில் யோங் பெங் பக்கம் உறவுக்காரங்க வீட்டில் இடுப்பளவு தண்ணி. அந்த மாதம் நம்ம மாநிலத்தில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் நிவாரண மையங்களில் இருந்தாங்க, ஞாபகம் இருக்கும். தண்ணியில் கிடந்த லேப்டாப்பை, பாவம், வெயிலில் காய வச்சு மின்சாரம் கொடுத்துப் பார்த்துட்டாங்க. புகைதான் வந்தது. அதுக்கு எந்தப் பென்டிரைவும் உதவாது. நனைஞ்ச சாமானுக்கு மின்சாரம் கொடுக்காதீங்க, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இன்னொன்று இந்த வருஷமே. பல்கலைக்கழகம் போற ஒரு பிள்ளையின் லேப்டாப். சென்டரில் ஏதோ ரிப்பேர் பார்த்த பிறகு நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்குது. பிட்லாக்கர். டிஸ்க் முழுக்கப் பூட்டியிருக்கு, சாவி அந்த எண்தான். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிச்சிருக்கும், ஆனால் அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தது கடைக்காரர், எந்த மின்னஞ்சல்னே பிள்ளைக்குத் தெரியலை. எங்கள் பென்டிரைவ் அதில் வாசல்வரை போய் நின்னுச்சு. உள்ளே இறந்து போன அப்பாவோட குரல் பதிவு இருந்ததாம். அந்தப் பிள்ளை அழாமல் நன்றி சொல்லிட்டுப் போனது இன்னும் எங்களுக்கு உறுத்துது. அதனால் இப்போ பென்டிரைவோட ஒரு சின்ன நோட்டும் கட்டியிருக்கோம். ஆபீஸ் கணினிகளின் 48 இலக்க எண்கள் அதில் எழுதியிருக்கு, நோட்டு மட்டும் இரும்புப் பெட்டியில். உங்கள் வீட்டு லேப்டாப்பில் இன்னைக்கே பாருங்க.

சேர்க்க மறுத்ததும் உண்டு. மத்தவங்க கடவுச்சொல்லை உடைக்கிற சாமான் போடச் சொல்லி ரெண்டு மூணு பேர் கேட்டாங்க. ஒருத்தர் மனைவியின் லேப்டாப்பைத் திறக்கணும்னார். அண்ணன், அது பென்டிரைவ் பிரச்சினை இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டோம். அதே மாதிரி பழைய ஹைரன் பூட் சிடி. அதில் காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள்கள் நிறைய இருந்தது. 2012-இல் 15.2 பதிப்போடு அது நின்னு போச்சு. இப்போ வர்ற பிஇ பதிப்பு வேற ஆட்கள் செய்வது, விண்டோஸ் மாதிரியே இருக்கும், லினக்ஸ் பயப்படுறவங்களுக்கு நல்லது. அதைப் போட்டிருக்கோம்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிடுறோம். குளோன்சில்லா, தைவான்காரங்க செய்தது. புதுக் கணினியை எல்லாம் சரி பண்ணி முடிச்ச அன்னைக்கே அதில் முழுப் பிரதி எடுத்து வச்சாச்சு. மெம்டெஸ்ட் ஒரு தடவை மானத்தைக் காப்பாத்துச்சு: அன்னதானக் கணினி அடிக்கடி தானாக அணைஞ்சப்போ, சோதிச்சால் திரை முழுக்கச் சிவப்பு. மெமரியைக் கழட்டி, பள்ளிப் பிள்ளைங்க அழிப்பானால் தேய்ச்சுப் போட்டோம், சரியாச்சு. அதே கணினிக்கு 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10 ஆதரவு முடிஞ்சது, விண்டோஸ் 11 ஏத்துக்க அதில் டிபிஎம் 2.0 இல்லை. தூக்கிப் போட மனசில்லாமல் லினக்ஸ் மின்ட் போட்டோம், அந்தக் கோப்பும் பென்டிரைவில் இருக்கு. தமிழ் நன்றாகவே தெரியுது.

பயன்படுத்துறவங்களுக்கு: டெல், லெனோவோ, ஏசர் என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9. முதல் தடவை நீலத் திரை வந்து சாவி பதியச் சொல்லும், பயப்படாதீங்க, செக்யூர் பூட் காவல்காரர் நம்ம வென்டாயைப் புது ஆள்னு தடுக்கிறார். செய்முறை நோட்டில் படம் வரைஞ்சு வச்சிருக்கோம். வரைபடக் கோப்பை எங்கே சேமிக்கணும் என்பது முதல் பக்கத்தில் சிவப்பு மையில்.

பிரதி வேணும்கிறவங்க வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பிறகு ஆபீஸுக்கு வாங்க, 32 ஜிபி பென்டிரைவ் போதும். காலியாக இருக்கணும். வென்டாய் ஏத்தும்போது உள்ளே இருக்கிறது அத்தனையும் அழிஞ்சிடும். போன வாரம் ஒரு அண்ணன் மகள் கல்யாணப் படம் மொத்தத்தையும் அதில் வச்சுக்கிட்டே கொண்டு வந்து நீட்டினார். வேற பிரதி இருக்கான்னு கேட்டோம், இல்லைன்னார். முதலில் அதை எடுத்து வச்சுட்டு வாங்கன்னு அனுப்பியிருக்கோம், இந்த வாரம் வருவார்.